பூனை விட்ட மூச்சு

ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து பதினொரு வயதில் தப்பி இங்கிலாந்து வந்து சேர்ந்த ஒரு பையன், போர் முடிந்த கையோடு ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் கடைநிலை ஆய்வக உதவியாளனாக வேலைக்குப் போனான். வாய்த்த முதலாளி லேசுப்பட்டவர் அல்ல. உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் உருப்போட்டுத் தவிக்கும் கிரெப்ஸ் சுழற்சியைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸ். பையனின் பெயரும் ஹான்ஸ்தான்: ஹான்ஸ் கோர்ன்பெர்க். எடுபிடி வேலையோடு நிற்காதே, படி என்று கிரெப்ஸ் விரட்டினார். பையன் படித்தான், பட்டம் வாங்கினான், முனைவர் பட்ட ஆய்வு வரைக்கும் வந்துவிட்டான். ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்த பொருள்தான் விசித்திரமானது. பூனையின் வயிறு.

வயிற்றில் ஒரு புதிர் இருந்தது. 1924-ல் ஜேம்ஸ் மரே லக் என்ற ஆய்வாளர், பிராணிகளின் இரைப்பைச் சுவரில் யூரியேஸ் என்ற நொதி இருப்பதைச் சொல்லியிருந்தார். யூரியாவை அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைப்பது அதன் வேலை. தாவரங்களிலும் பாக்டீரியாக்களிலும் இருக்கிற இந்தச் சரக்கு வயிற்றுக்குள் எப்படி வந்தது? அன்றைய பதில் எளிமையாக இருந்தது. இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. அமோனியா அமிலத்தை முறிக்கும். ஆகவே தன்னைத் தானே காத்துக்கொள்ள வயிறு யூரியேஸைத் தயாரிக்கிறது. இந்த விளக்கம் பிடித்துப்போன அயர்லாந்து மருத்துவர்கள் சிலர், அல்சர் நோயாளிகளுக்கு யூரியாவை வாய்வழியாகக் கொடுத்தே வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் உண்மையில் யாருக்குத் தீனி போட்டார்கள் என்பது தெரிய இன்னும் முப்பது வருஷம் ஆக வேண்டியிருந்தது.

கோர்ன்பெர்க்கும் அவருடைய வழிகாட்டி டேவிஸும் மயக்க மருந்து கொடுத்த பூனைகளுக்குள் யூரியாவைச் செலுத்தினார்கள். அந்த யூரியாவில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதிலிருந்த கார்பன், கதிரியக்கம் உள்ள கார்பன்-14. யூரியா உள்ளே உடைந்தால் கரியமில வாயு பிறக்கும். அது இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளியேறும். வெளியேறுவதைக் கருவி எண்ணிக் காட்டிவிடும். அப்படியே நடந்தது. பூனை விட்ட மூச்சில் அடையாளமிட்ட கார்பன் வந்தது. வயிற்றுக்குள் நடப்பதை வயிற்றைக் கிழிக்காமல் மூச்சை வைத்தே சொல்லலாம் என்பதற்கான அத்தனை சாமான்களும் 1950களின் தொடக்கத்திலேயே ஒரே அறையில் இருந்தன. ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை. யூரியாவை உடைக்கிற ஆசாமி யார்?

விடையைத் தேடவே வேண்டாம் என்று சொல்வதுபோல் 1954-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. அதற்கு முன்னால், 1940-ல், பாஸ்டனில் ஃப்ரீட்பெர்க், பாரன் என்ற இருவர், அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த இரைப்பைகளுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டிருந்தார்கள். இதைச் சரிபார்க்க ராணுவ மருத்துவர் எடி பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுவை எடுத்துச் சோதித்தார். ஒரு கிருமியும் இல்லை. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டன. பால்மரின் உழைப்பில் குறையில்லை. சாயத்தில்தான் இருந்தது கோளாறு. அவர் வெள்ளிச் சாயத்தைத் தொடாமல், வழக்கமான சாயத்தையே பயன்படுத்தியிருந்தார். அதில் இந்தக் கிருமி கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிது.

1959-ல் பெல்ஜியத்தில் சார்லஸ் லீபரும் அவருடைய சகாவும் கதவைக் கிட்டத்தட்ட திறந்தேவிட்டார்கள். சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் யூரியா ஏறிய நோயாளிகளின் வயிற்றில் அமோனியா ஏராளமாக இருந்தது. அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் அமோனியா காணாமல் போனது. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. அப்படியானால் யூரியேஸ் வயிற்றினுடையது அல்ல, வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாவினுடையது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் லீபர் அமெரிக்கா போய்க் குடியும் கல்லீரலுமாக வேறொரு துறையில் புகழ்பெற்றார். கட்டுரை நூலக அலமாரியில் தூங்கியது. கோர்ன்பெர்க்கும் பாக்டீரியாக்களின் வளர்சிதை மாற்றத்தைப் படிக்கப் போய், பெரிய பேராசிரியராகி, சர் பட்டமும் பெற்றார். பூனையின் மூச்சை யாரும் நினைக்கவில்லை.

அதே காலத்தில் வயிற்றுக்குச் சற்றுக் கீழே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது.

போர்முனைகளில் சீதபேதி வந்து குணமான வீரர்களில் சிலருக்கு, கிருமி போன பிறகும் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று மருத்துவர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, இரண்டு நாள் மலச்சிக்கல். மலத்தைச் சோதித்தால் கிருமி இல்லை, குடலைப் பார்த்தால் புண் இல்லை. 1962-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சௌத்ரி, ட்ரூலவ் என்ற இரு மருத்துவர்கள் இப்படிப்பட்ட 130 பேரின் கதையை உட்கார்ந்து கேட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். இன்று ஐபிஎஸ் என்று மூன்றெழுத்தில் சொல்லப்படும் நோயின் முதல் முழுமையான சித்திரங்களில் அது ஒன்று. கவலை, குடும்பச் சிக்கல் என்று மனம் சார்ந்த காரணங்களைப் பலர் சொன்னார்கள். ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சொன்னது வேறு: எல்லாம் ஒரு சீதபேதிக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அந்த நான்கில் ஒருவரை மருத்துவ உலகம் கேட்டுக்கொண்டு அப்படியே மறந்தது. எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லையா, அப்படியானால் நரம்புத் தளர்ச்சி, மனக்கவலை, தூக்க மாத்திரை. இந்த வரிசையில் வந்து அலுத்துப்போனவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, பெர்த் நகரத்து மருத்துவமனை வார்டு ஒன்றில் தன்னையறியாமல் இந்தக் கதைக்குள் நுழையப் போகிறார்.

அதற்கு முன்னால் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே மார்ட்டின் ஸ்கிரோ என்ற நுண்ணுயிரியல் மருத்துவர், வயிற்றுப்போக்கோடு வந்தவர்களின் மலத்திலிருந்து கேம்பிலோபாக்டர் என்ற வளைந்த கிருமியைப் பிரித்தெடுக்க எளிய வழி ஒன்றைக் கண்டார். மற்ற குடல் கிருமிகளை மூன்று ஆன்டிபயாடிக்குகளால் அடக்கிவிட்டு, சூட்டையும் கொஞ்சம் கூட்டினால் இந்தக் கிருமி மட்டும் வளர்ந்தது. 803 நோயாளிகளில் 57 பேரிடம் அது இருந்தது. வயிற்றுப்போக்கு இல்லாத 194 பேரில் ஒருவரிடமும் இல்லை. கால்நடை மருத்துவர்களுக்கு மட்டுமே பழக்கமாயிருந்த கிருமி, 1977-ல் வெளியான ஒரு கட்டுரையால் மனிதர்களின் வயிற்றுப்போக்குக்குப் பெருங்காரணங்களில் ஒன்றாகிவிட்டது. உலகெங்கும் ஆய்வகங்கள் கேம்பிலோபாக்டர் வளர்க்கக் கற்றுக்கொண்டன. இந்தக் கைப்பழக்கம் எங்கே போய் உதவும் என்று ஸ்கிரோவே நினைத்திருக்க மாட்டார்.

1979 ஜூன் 11. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் ராயல் பெர்த் மருத்துவமனை. நோயியல் நிபுணர் ராபின் வாரனுக்கு அன்று 42 வயது நிறைந்தது. இரைப்பைத் திசு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதன் மேற்பரப்பில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. உருப்பெருக்கத்தைக் கூட்டினார். கோடு கோடாக இல்லை, கூட்டமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினால், ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். வாரன் வெள்ளிச் சாயத்தை எடுத்தார். பால்மர் தொடாமல் விட்ட அதே வகைச் சாயம். இப்போது கறுப்பாக, வளைந்து நெளிந்து, ஆயிரக்கணக்கில் கிருமிகள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வாரன் தனியாகவே திசுக்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றில் கிருமி இருக்கவே முடியாது என்று படித்தவர்கள் நடுவில், கிருமியைப் பார்த்தேன் என்று சொல்கிறவருக்கு யார் துணை?

துணைக்கு வந்தவர் முப்பது வயதுகூட நிரம்பாத பயிற்சி மருத்துவர் பாரி மார்ஷல். 1981-ல் ஏதாவது ஒரு சிறு ஆய்வு செய்தாக வேண்டிய கட்டாயத்தில் வாரனிடம் அனுப்பப்பட்டார். கிருமி கண்ட நோயாளிகளின் பட்டியலை வாரன் நீட்டினார். அதில் ஒரு பெயர் மார்ஷலுக்குத் தெரிந்த பெயர். அவருடைய வார்டில் இருந்த பெண்மணி. தீராத வயிற்றுவலி, குமட்டல். சோதனைகளில் எல்லாமே சரி. கடைசியில் மனநல மருத்துவரிடம் அனுப்பி மனச்சோர்வு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த வயிற்றில்தான் இத்தனை கிருமிகளா? கதை முழுவதையும் திருப்பிய கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அல்சர் பின்னால் வந்து சேர்ந்த பெரிய பரிசு. மார்ஷலை முதலில் இழுத்தது, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு வலி.

கொஞ்ச நாளில் ரஷ்யரான ஒரு முதியவர் கடும் வயிற்றுவலியோடு வந்தார். மார்ஷல் அவருக்கு டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து அவர் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். ஆனால் ஒரு முதியவரின் துள்ளல் ஆதாரமாகாது. கிருமியைத் தட்டில் வளர்த்துக் காட்ட வேண்டும். 100 நோயாளிகளை வைத்து ஆய்வு தொடங்கியது. கேம்பிலோபாக்டர் வளர்க்கும் முறையிலேயே இதையும் வளர்த்தார்கள். ஒருவர், இருவர், பத்துப் பேர், முப்பது பேர். தட்டுகள் காலியாகவே இருந்தன. 48 மணி நேரத்தில் ஒன்றும் முளைக்கவில்லையென்றால் தட்டைக் குப்பையில் போடுவது ஆய்வக வழக்கம். முப்பத்து நான்கு பேரின் தட்டுகள் அப்படித்தான் போயின.

முப்பத்தைந்தாவது நோயாளியின் தட்டு 1982 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறைக்குச் சற்று முன்னால் இன்குபேட்டருக்குள் போனது. மருத்துவமனையில் அப்போது மருந்துக்கு அடங்காத வேறொரு கிருமி பரவி, ஆய்வக ஊழியர்கள் அதைத் துரத்தும் வேலையில் மூழ்கியிருந்தார்கள். வயிற்றுத் தட்டை எடுத்துப் பார்க்க ஆளில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நான்கு நாள் விடுமுறையும் கழிந்தது. செவ்வாயன்று திறந்தால், தட்டு முழுக்கப் பனித்துளி போல் மினுமினுக்கும் புள்ளிகள். கிருமிக்குத் தேவைப்பட்டது வேறு எதுவும் இல்லை, கூடுதலாக இரண்டு மூன்று நாள் அவகாசம்தான். சோம்பேறிக் கிருமிக்குச் சோம்பேறி விடுமுறைதான் மருத்துவச்சி ஆனது.

கணக்கெடுத்தபோது முன்சிறுகுடலில் அல்சர் இருந்த 13 பேரிடமும் கிருமி இருந்தது. மார்ஷல் உற்சாகமாக ஆஸ்திரேலிய இரைப்பைக் குடலியல் சங்கத்துக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினார். 1983-ல் அந்தச் சங்கத்துக்கு வந்தவை 67, ஏற்றவை 56. நிராகரித்த பதினொன்றில் மார்ஷலுடையதும் ஒன்று. அந்தக் கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்து பிற்காலத்தில் மேடைகளில் காட்டி மகிழ்ந்தார் என்பது வேறு கதை. அன்றைக்கு வலிக்கத்தான் செய்திருக்கும். வயிற்று மருத்துவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். வேறு எந்தக் கதவு?

கேம்பிலோபாக்டர் கதவு. கிருமி பார்ப்பதற்கு அந்த வகை போலவே இருந்ததால், அந்தக் கிருமியை ஆராய்கிறவர்கள் 1983 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் நடத்திய மாநாட்டுக்கு மார்ஷல் போனார். அங்கே இருந்தவர் வூஸ்டரின் ஸ்கிரோ. வயிற்றில் கிருமி பிழைக்காது என்ற பாடத்தில் இந்தக் கூட்டத்துக்குப் பக்தி கிடையாது. ஒரு புதிய வளைந்த கிருமி கிடைத்ததே என்று மகிழ்ந்தார்கள். ஊருக்குத் திரும்பித் தேடியவர்களுக்கும் அது கிடைத்தது. ஸ்கிரோவின் ஆதரவும் சேர, 1984 ஜூனில் லான்செட் இதழில் வாரனும் மார்ஷலும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஆனாலும் எதிர்ப்பாளர்கள் அசையவில்லை. புண்ணில் கிருமி வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாமே, கிருமிதான் புண்ணுக்குக் காரணம் என்பதற்கு என்ன சாட்சி?

பன்றிக்குட்டிகளிடம் நோயை உண்டாக்க மார்ஷல் முயன்று தோற்றிருந்தார். 1984-ன் நடுவில் ஒரு நாள், தன் வயிற்றில் கிருமி இல்லை என்று எண்டோஸ்கோபியில் உறுதி செய்துகொண்டு, ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்த கிருமியைக் கரைத்த கலங்கல் நீரை மடமடவென்று குடித்தார். மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடமும் கேட்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. சில நாள் ஒன்றுமில்லை. பிறகு வயிறு நிறைந்தாற்போல் அசௌகரியம், விடியற்காலையில் வாந்தி, வாய் நாற்றம். நாற்றத்தை மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. மறுபடி எண்டோஸ்கோபி: நல்ல வயிறு அழற்சியில் சிவந்து கிடந்தது, கிருமியும் இருந்தது. விஷயம் தெரிந்த மனைவி, உடனே மருந்து சாப்பிடச் சொல்லிக் கண்டித்ததில் சோதனை முடிவுக்கு வந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்கு அல்சர் வரவில்லை. வந்தவை உப்புசமும் குமட்டலும் அசௌகரியமும்தான். வார்டில் இருந்த அந்தப் பெண்மணி சொன்ன வகைத் தொல்லைகள்.

இப்போது பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. அமிலக் குளத்தில் இது எப்படி உயிர் வாழ்கிறது? 1984-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். இந்தக் கிருமி யூரியேஸை அளவுக்கு மீறித் தயாரிக்கிறது. யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றி அமோனியாவால் ஒரு போர்வை போர்த்திக்கொள்கிறது. அறுபது வருஷமாக வயிற்றின் கணக்கில் எழுதி வைத்திருந்த யூரியேஸின் உண்மையான சொந்தக்காரன் பிடிபட்டான். அயர்லாந்தில் யூரியா கொடுத்தது இவனுக்குத்தான். ஷெஃபீல்டில் பூனையின் மூச்சுக்குள் புகுந்து வெளிவந்த கதையிலும் இவன் இனத்துக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். மார்ஷல், திசுத் துணுக்கை வைத்தால் யூரியேஸ் பட்டு மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும் ஒரு ஜெல்லைத் தயாரித்தார். ஆனால் துணுக்கு எடுக்க எண்டோஸ்கோபிக் குழாயை விழுங்கியாக வேண்டுமே. குழாய் இல்லாமல் முடியாதா?

ஹூஸ்டனில் டேவிட் கிரஹாம் என்ற வயிற்று மருத்துவரும் பீட்டர் க்ளைன் என்ற ஐசோடோப் நிபுணரும் சேர்ந்தார்கள். கார்பன்-14-க்குப் பதிலாக, கதிரியக்கமே இல்லாத, சாதாரணக் கார்பனைவிட ஒரு நியூட்ரான் மட்டும் கூடுதலாக உள்ள கார்பன்-13-ஐ யூரியாவில் வைத்தார்கள். குடிக்கக் கொடுத்தார்கள். கிருமி இருந்த வயிற்றில் யூரியா உடைந்தது. சில நிமிஷங்களில் அடையாளமிட்ட கரியமில வாயு மூச்சில் ஏறியது. கிருமி இல்லாத வயிற்றில் யூரியா உடையவே இல்லை. 1987 மே மாதம் லான்செட் இதை வெளியிட்டது. அடுத்த வருஷம், அமெரிக்காவுக்குப் போயிருந்த மார்ஷல் கார்பன்-14 கொண்டும் செய்து காட்டினார். இன்று வெறும் வயிற்றோடு லேப் வாசலில் காத்திருப்பவரிடம், இதைக் குடியுங்கள், அரை மணி கழித்து இதில் ஊதுங்கள் என்று நீட்டப்படுகிற ஊதும் பை பிறந்தது இப்படித்தான். சில இடங்களில் பைக்குப் பதில் குழாய், சில இடங்களில் பாக்கெட் அளவுக் கார்டு. பெயர் மூச்சுச் சோதனை. ஊதுகிறவர்களில் யாருக்கும் பூனை நினைவுக்கு வருவதில்லை, நியாயமும் இல்லை.

கேம்பிலோபாக்டர் என்று தவறாகக் குடும்பத்தில் சேர்த்திருந்த கிருமிக்கு 1989-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று தனிப் பெயர் கிடைத்தது. 1994-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கிருமியுள்ள அல்சருக்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து என்றது. 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல். கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

முடியவில்லை. ஊதுவது சுலபமானதும் ஊத வந்தவர்கள் மாறினார்கள். அல்சர்காரர்களை விட, எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாதவர்கள் கூட்டமாக வந்தார்கள். கேஸ் டிரபிள், உப்புசம், சாப்பிட்டால் வலி, கழிப்பறைக்குப் போனால் வலி குறைகிறது, காலையில் மூன்று தடவை போக வேண்டியிருக்கிறது. ஐபிஎஸ் என்று சீட்டில் எழுதப்பட்டவர்கள். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இந்தக் கிருமி இருப்பதால், ஊதியவர்களில் பலருக்குப் பாசிட்டிவ் வந்தது. கிருமி கிடைத்துவிட்டது, இரண்டு வார மாத்திரைக் கிட் கொடுத்தால் வலி தீரும் என்று மருத்துவரும் நோயாளியும் நம்பியதில் ஆச்சரியமில்லை. கிருமி போனது. வலி?

மேல்வயிற்றில் பலன் இருந்தது, ஆனால் சொற்பம். அல்சர் இல்லாத அஜீரணக்காரர்களில் ஏறத்தாழ பதினைந்து பேருக்குக் கிருமி ஒழிப்புச் சிகிச்சை கொடுத்தால் கூடுதலாக ஒருவர் குணமாகிறார் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். ஐபிஎஸ் பக்கம் அதுவும் உறுதியாகவில்லை. சில ஆய்வுகள் ஐபிஎஸ்காரர்களிடம் கிருமி அதிகம் என்றன, சில இல்லை என்றன. கிருமியை ஒழித்ததால் ஐபிஎஸ் தொல்லை குறைந்தது என்பதற்கு நம்பகமான ஆதாரம் சேரவில்லை. போதாக்குறைக்கு, ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் பேதி தனியாக வந்து சேர்ந்தது. பாதி ஊரிடம் இருக்கிற கிருமி வலிக்கிறவரிடமும் இருக்கும், வலிக்காதவரிடமும் இருக்கும். பை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி கிருமி இருக்கிறதா என்பது. வலி இதனால்தானா என்று கேட்கும் வித்தை அதில் இல்லை.

அப்படியானால் ஐபிஎஸ்ஸுக்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லையா? 1990களில் அதே ஷெஃபீல்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த க்வீ என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஆக்ஸ்ஃபோர்ட் மறந்த கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள். ஐபிஎஸ்காரர்களிடம் பழைய கதை கேட்காமல், வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்த 75 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து நான்கில் ஒருவருக்கு மேல் ஐபிஎஸ் அறிகுறிகள் இருந்தன. நோய் வந்தபோதே மனக்கவலை அதிகமிருந்தவர்கள் அவர்களில் அதிகம். கிருமியா மனமா என்று சண்டை போட்டவர்கள் இரு பக்கமும் பாதி ஜெயித்தார்கள். ஆனால் 75 பேர் போதாது. ஒரு ஊரே வேண்டும். அந்த ஊர் கிடைத்த விதம் கொடுமையானது.

கனடாவின் வாக்கர்டன், ஐயாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். 2000 மே மாதம் பெய்த பெருமழை மாட்டுச் சாணத்தை அடித்துக்கொண்டு போய் ஊர்க் கிணறு ஒன்றில் சேர்த்தது. குளோரின் அளவை ஒழுங்காகச் சோதிக்காமல் பதிவேட்டில் பொய்க்கணக்கு எழுதி வந்தது பிறகு விசாரணையில் வெளிவந்தது. ஈ. கோலையின் ஒரு கொடிய ரகமும் கேம்பிலோபாக்டரும் குழாய் வழியே வீடு வீடாகப் போயின. சுமார் 2,300 பேர் படுத்தார்கள். 7 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஷல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். (பாரி மார்ஷலுக்கு இவர் உறவில்லை, வயிற்றுக்கும் மார்ஷல்களுக்கும் ஏதோ ராசி.) 2006-ல் வந்த முடிவு: நோய் தொடாதவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு ஐபிஎஸ். மருத்துவப் பதிவோடு நோய்ப்பட்டவர்களில் 36 பேருக்கு. நோய் பரவி எட்டு வருஷம் கழித்தும் இது 15-க்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. தண்ணீர் எப்போதோ சுத்தமாகியிருந்தது; கிருமியும் அவர்கள் உடலில் இல்லை.

இல்லாத கிருமி எப்படி வலிக்க வைக்கும்? நாட்டிங்ஹாமில் ராபின் ஸ்பில்லர் குழு, கேம்பிலோபாக்டர் வந்து போனவர்களின் குடல் சுவரை எடுத்துப் பார்த்தது. வீக்கத்தின் அடையாளமான வெள்ளணுக்களும், செரடோனின் சுரக்கும் செல்களும் கிருமி போய் மாதக்கணக்கான பிறகும் அதிகமாகவே இருந்தன. சுவரின் கசிவும் கூடியிருந்தது. குடலின் நடையையும் உணர்ச்சியையும் ஓட்டுவது செரடோனின். அதன் கணக்கு தப்பினால் சாதாரண அசைவும் வலியாக எட்டும். வேடிக்கை என்னவென்றால், ஹெலிகோபாக்டரை முதலில் எந்தக் குடும்பத்தில் சேர்த்தார்களோ அந்தக் குடும்பத்துக் கிருமியே ஐபிஎஸ்ஸுக்குப் பெரிய சந்தேகப் புள்ளியாக நின்றது. இரைப்பையில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவனைத் தேடிக்கொண்டிருந்தபோது, குடலில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனவன் கைவரிசை காட்டியிருந்தான்.

2015-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கியோட்டோவில் கூடிய நிபுணர்களின் அறிக்கை வெளியானது. ஊதிப் பார்த்துக் கிருமி இருந்தால் ஒழிக்கவும். ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை அஜீரணம் திரும்பாமல் இருந்தால் அது கிருமியின் வேலை. திரும்பினால் வேறு காரணம். மேல்வயிற்று வழக்கில் பைக்குச் சாட்சி சொல்லும் உரிமை அளவோடு கிடைத்தது. அதே வருஷம் லாஸ் ஏஞ்சலிஸில் மார்க் பிமென்டெல் குழு, பேதி அதிகமுள்ள ஐபிஎஸ்காரர்களுக்காக ஒரு சோதனையை முன்வைத்தது. கேம்பிலோபாக்டர் போன்றவை விட்டுச் செல்லும் ஒரு நச்சுக்கு எதிராக உடல் தயாரித்த எதிர்ப்புப் பொருள், ஆள் மாறாட்டத்தில் குடலின் சொந்தப் புரதமான வின்குலினையும் தாக்குகிறது என்பது அவர்கள் வாதம். அந்த எதிர்ப்புப் பொருள்களை அளந்தால், எப்போதோ போய்விட்ட கிருமியின் தடம் தெரியும். நெகட்டிவ் வந்தால் ஐபிஎஸ் இல்லை என்று சொல்ல முடியாது. பாசிட்டிவ் வந்தவருக்கு வைத்தியம் எந்த அளவு மாறும் என்பதிலும் மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. இதற்கு ஊதினால் போதாது, ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டும்.